ஆமை நினைச்சா முட்டை பொரியுமா? கடல்ல கெடக்குறது கரைக்கு ஏன் ஏறணும்?

சங்குத்துறை
பிப்ரவரி 9, இரவு 8.15

மீன் பார்த்தே பொரிக்கும், ஆமை நினைச்சே பொரிக்கும், பறவை தொட்டுப் பொரிக்கும்னு, குரு சீடனுக்குத் தர்ற தீட்சையைப் பத்திப் பேசுற இடத்துல ஒரு உவமை வரும். அதுல ஆமைக் கதைதான் உறுத்துது. வருசம் பூரா கடல்ல கெடக்குற சீவன். மீனு முட்டைய வெள்ளத்துலதான், அதாவது தண்ணியிலதான் விடுது. இது மட்டும் ஏன் ராத்திரி மணல்ல இழைஞ்சு ஏறி, குழி தோண்டி, நாய்க்கும் நரிக்கும் இரை போட்டுட்டுப் போவுது? கடல்லயே விட்டா நினைக்கதுக்கும் பக்கமா இருக்குமே. என் கட்சி: இது பழைய பழக்கம், இப்ப தேவையில்லாதது. மறுப்பு இருந்தா சொல்லுங்க.

கழிமுகம்
பிப்ரவரி 9, இரவு 9.40

பழக்கம் இல்லை அண்ணாச்சி. கடலில் விட்டால் குஞ்சு முட்டைக்குள்ளேயே மூச்சுமுட்டிச் சாகும். ஓட்டின் நுண்துளை வழியாகத்தான் அதற்குக் காற்று. துளையில் தண்ணீர் நின்றுவிட்டால் ஆக்சிஜன் பரவும் வேகம் காற்றில் இருப்பதைவிடப் பத்தாயிரம் மடங்கு குறையும். மீன் முட்டை பலதும் கடுகளவு, அதற்கு அந்த வேகம் போதும். பங்குனி ஆமை (ஆலிவ் ரிட்லி என்கிற கடலாமை) இடும் முட்டை ஏறக்குறைய 4 செ.மீ. குறுக்களவு, 30 கிராமுக்கு மேல் எடை. அதற்குப் போதாது.

கழிமுகம்
பிப்ரவரி 10, காலை 6.20

நேற்று பாதிதான் சொன்னேன். கடலில் ஏன் விடமுடியாது என்பது சின்னக் கேள்வி. வெறும் மணலில் அது எப்படிக் காயாமல் கிடக்கிறது என்பதுதான் பெரியது.

தவளை முட்டையை எடுத்துக்கொள்ளுங்கள். சுற்றிலும் கொழகொழப்பு, வேறு ஒன்றும் இல்லை. குளத்திலிருந்து ஒரு கை அள்ளி வெயிலில் வைத்தால் சீக்கிரமே சுருங்கிப்போகும். பெரிதாக்கவும் வழியில்லை. கொழகொழப்பைத் தாண்டி ஆக்சிஜன் நடுவுக்குப் போய்ச் சேரவேண்டும் என்பதால் ஒரு சென்டிமீட்டரை ஒட்டியே தவளை முட்டைக்கு வரம்பு. முட்டை சின்னது என்றால் உள்ளே சாப்பாடும் கொஞ்சம். அதனால்தான் தலைப்பிரட்டையாகப் பாதியிலேயே வெளியே வந்து பாசி தின்று வளரவேண்டியிருக்கிறது.

ஊர்வன முட்டையில் மாற்றம் ஓட்டில் மட்டும் நடந்தது என்று நினைப்பது தப்பு. கரு தன் உடம்பிலிருந்தே நாலு சவ்வை விரிக்கிறது.

ஒன்று மஞ்சள் கருவைச் சுற்றிப் படரும் பை. இரத்தக்குழாய் நிறைந்தது. சோறு இங்கிருந்து.

அடுத்தது பனிக்குடம். பிரசவ வார்டில் "பனிக்குடம் உடைஞ்சாச்சு" என்கிறார்களே, அதே பனிக்குடம்தான், உவமை கிடையாது. ஊர்வன, பறவை, பாலூட்டி மூன்றுக்கும் ஒரே முன்னோர் சொத்து. கரு இதற்குள் திரவத்தில் மிதக்கும். குளம் தேடிப் போகவேண்டியதில்லை, குளம் கூடவே வருகிறது.

மூன்றாவது அலண்டாயிஸ். முதலில் இது கழிவுத்தொட்டி. கருவின் பின்குடலிலிருந்து சின்னக் கொப்புளமாகக் கிளம்பும், கழிவு இதற்குள் போய்ச் சேரும். பிறகு ஊதிப் பெருத்து, எல்லாவற்றையும் சுற்றி நிற்கும் நாலாவது சவ்வான கோரியானோடு ஒட்டிக்கொள்ளும். ஒட்டிய இடம் முழுக்க இரத்தக்குழாய் வலை. ஓட்டின் உள்பக்கம் அப்பிக்கொண்டு அதுதான் மூச்சு வாங்குகிறது. கக்கூசும் நுரையீரலும் ஒரே பை. கேட்க அசிங்கம், வேலை சுத்தம்.

சாப்பாடும் மூச்சும் உள்ளேயே கிடைப்பதால் முட்டையைப் பெரிதாக்கலாம். பெரிதானால் தலைப்பிரட்டைக் கட்டமே வேண்டாம், வெளியே வரும்போதே சின்ன ஆமை, சின்ன ஓணான்.

ஒன்றை விட்டுவிட்டேன். ஓடு மூடிய பிறகு விந்து நுழையமுடியாது. ஆகவே கருத்தரிப்பு தாயின் உடம்புக்குள், ஓடு சுற்றுவதற்கு முன்பே முடிந்தாக வேண்டும். தவளை போல வெளியே தெளித்துவிட்டுப் போகிற வழி ஊர்வனவற்றுக்கு அடைபட்டுவிட்டது.

சங்குத்துறை
பிப்ரவரி 10, காலை 8.05

அப்ப தேங்காயின்னு சொல்லும். உள்ள வெள்ளம், வெளிய ஓடு.

கழிமுகம்
பிப்ரவரி 10, பிற்பகல் 1.30

பாதி சரி. முளைவிட்ட தேங்காயை உடைத்தால் உள்ளே பஞ்சு மாதிரி தேங்காய்ப்பூ இருக்கும் இல்லையா? முளை பருப்பை உறிஞ்சுவதற்காக வளர்க்கிற உறுப்பு அது. மஞ்சள் கருப் பை செய்யும் வேலையும் அதேதான். விதை தாவரத்தைத் தண்ணீரிலிருந்து விடுவித்தது, இந்த முட்டை விலங்கை விடுவித்தது என்று சேர்த்துச் சொல்வதும் பொருந்தும்.

மீதிப் பாதி பொருந்தாது. தேங்காய் கடலில் நாள்கணக்கில் மிதந்து கரைசேர்ந்து முளைக்கும். ஆமை முட்டை அப்படி ஊறினால் அவ்வளவுதான். இளநீரைப் பனிக்குடத்துக்கு ஒப்பிடவும் முடியாது. இளநீர் சாப்பாடு, பனிக்குட நீர் மெத்தை.

கீரிப்பாறை
பிப்ரவரி 10, இரவு 10.10

கரையில் இனம்பெருக்க ஊர்வன முட்டைதான் வழி என்கிற மாதிரி எழுதியிருக்கிறீர்கள். நம்ம மலையிலேயே அதை மீறுகிற ஆள் உண்டு. மேற்குத்தொடர்ச்சி மலையின் புதர்த்தவளைகள் குளத்துக்குப் போவதே இல்லை. ஈர இலைச்சருகிலோ இலைமேலோ முட்டையிடும், தலைப்பிரட்டைக் கட்டம் முட்டைக்குள்ளேயே முடிந்து குட்டித்தவளையாக வெளியே வரும். பனிக்குடம் கிடையாது, ஓடு கிடையாது, ஆனாலும் கரைதான்.

கழிமுகம்
பிப்ரவரி 11, காலை 5.50

ஒத்துக்கொள்கிறேன். திருத்தி எழுதுகிறேன்: கரையில் முட்டையிடப் பல வழி உண்டு. காய்ந்த கரையில் முட்டையிடத்தான் இந்த நாலு சவ்வு. புதர்த்தவளைக்கு மழையும் மூடுபனியும் தேவை. அதே முட்டையைத் தோவாளையின் காய்ந்த காற்றில் வைத்தால் ஒரு பகல் தாங்காது.

கழிமுகம்
பிப்ரவரி 13, இரவு 9.00

ஓடு பற்றி. எல்லா ஊர்வன முட்டையும் தோல் மாதிரி என்று பலரும் எழுதுகிறார்கள். நம் வீட்டுச் சுவரே அதைப் பொய்யாக்கும்.

வீட்டுப்பல்லி ஒரு தடவைக்கு இரண்டு முட்டை வைக்கும். வெளிவரும்போது மெத்தென்று ஒட்டும் பதத்தில் இருக்கும், காற்றுப் பட்டதும் இறுகிச் சுண்ணாம்பாகிவிடும். இறுகிய ஓடு நீரை அதிகம் வெளியேயும் விடாது, உள்ளேயும் இழுக்காது. எனவே குஞ்சுக்கு வேண்டிய தண்ணீர் முழுவதையும் தாய் முதலிலேயே வைத்து அனுப்பியாக வேண்டும். கதவிடுக்கு, புகைப்படச் சட்டத்தின் பின்பக்கம், மீட்டர் பெட்டி என்று பொட்டுத் தண்ணீர் இல்லாத இடத்திலும் பொரிப்பது இதனால்தான். கப்பல் சரக்கோடு உலகம் சுற்றியதற்கும் இந்த ஓடு ஒரு காரணம்.

ஓணான் நேர் எதிர். மண்ணைக் கிளறிப் பத்து இருபது முட்டை இட்டு மூடும். தோல் ஓடு. ஓணானுக்கும் பாம்புக்கும் வெள்ளைக்கரு என்று சொல்லும்படி ஒன்றும் கிடையாது, ஆக முட்டை மண்ணிலிருந்து நீரை உறிஞ்சித்தான் வளரவேண்டும். இட்ட அன்றைக்கும் பொரிக்கும் தறுவாயிலும் எடை போட்டால் ஏறக்குறைய இரட்டிப்பாகியிருக்கும். முட்டை "வளர்கிறது" என்று பார்த்தவர்கள் சொன்னால் கண்மயக்கம் இல்லை. மண் காய்ந்தால் குழி விழும், இன்னும் காய்ந்தால் சாகும். முதல் மழைக்குப் பிறகு ஓணான் மண் கிளறுவது இந்தக் கணக்கில்தான்.

ஆமையிலும் இரண்டு வகை. கடலாமைக்கு மெத்தென்ற ஓடு, விரல் வைத்தால் பள்ளம் விழும், நூறுக்கு மேல் முட்டை ஒன்றன்மேல் ஒன்று விழுந்தும் உடையாததற்கு அதுவே காரணம். நம் குளத்துப் பால் ஆமைக்கு உருண்டையான கெட்டி ஓடு. முட்டையிட்ட பின் கரு வளர்ச்சியை நிறுத்திவைத்து மாதக்கணக்கில் காத்திருக்கும், ஈரமும் சூடும் ஒத்துவரும்போது மறுபடி தொடங்கும். கோடையைக் குளம் வற்றி ஓட்டுகிற ஊருக்கு ஏற்ற ஓடு.

உடும்பு இன்னும் கெட்டிக்காரத்தனம். சில சமயம் கறையான் புற்றைக் கிழித்து உள்ளே வைத்துவிட்டுப் போகும். உடைப்பைக் கறையானே பூசி மூடும். உள்ளே ஈரமும் சூடும் அதிகம் மாறாது. பொரிக்க ஆறு மாதத்துக்கு மேல் ஆகும், அவ்வளவு காலம் காவல் காக்கும் கூலியாள் கறையான்.

சங்குத்துறை
பிப்ரவரி 13, இரவு 9.25

பல்லி மிட்டாய்னு பேர் வச்சவன் மீட்டர் பெட்டியத் தொறந்து பாத்திருப்பான் போல. இனி அத வாயில வைக்க முடியாது மக்கா.

கோழிக்கூடு
பிப்ரவரி 16, காலை 11.15

இடையில் ஒரு சந்தேகம். இன்குபேட்டரில் கோழி முட்டையை நாளுக்கு மூணு தடவையாவது திருப்பணும், இல்லேன்னா கரு ஓட்டில் ஒட்டிச் செத்திரும். ஆமை முட்டையைத் திருப்பினா செத்திரும்னு வனத்துறை ஆட்கள் சொல்றாங்க. ரெண்டும் எப்படி உண்மையாகும்?

கழிமுகம்
பிப்ரவரி 16, இரவு 8.30

இரண்டும் உண்மை. கோழி முட்டையை உடைத்தால் மஞ்சள் கருவின் இரு பக்கமும் முறுக்கிய வெள்ளைத் திரி தெரியும். அது ஊஞ்சல் கயிறு. முட்டை எப்படி உருண்டாலும் மஞ்சள் கரு சுழன்று கருவை மேலே வைத்துக்கொள்ளும். ஊர்வன முட்டையில் அந்தத் திரி இல்லை.

ஆமை முட்டையில் நடப்பது இது. தாய் உடம்புக்குள் ஆக்சிஜன் குறைவு, அதனால் கரு ஒரு கட்டத்தில் வளர்ச்சியை நிறுத்திக் காத்திருக்கும். இட்டவுடன் காற்றுப் பட்டு ஓட்டம் தொடங்கும். வெள்ளைக்கருவின் நீர் கருவுக்கு அடியில் போய்ச் சேரும், கரு மேலே எழும்பும், உச்சியில் ஓட்டின் உட்சவ்வோடு ஒட்டும். அந்த இடத்தில் ஓடு காய்ந்து வெளுத்து வெண்பொட்டு தெரியும். பொட்டு நாளுக்கு நாள் இறங்கிப் பரவும். காய்ந்த இடத்தில்தான் காற்று நன்றாகப் புகும், அதாவது மூச்சு வாங்கும் சன்னல் அங்கே திறக்கிறது. இந்த நேரத்தில் முட்டையைப் புரட்டினால் ஒட்டிய சவ்வு கிழியும், அல்லது மஞ்சள் கருவின் பாரம் கரு மேல் விழும். வெளியே ஒன்றும் தெரியாது. ஐம்பது நாள் கழித்துக் குழியைத் திறக்கும்போதுதான் தெரியும்.

வெண்பொட்டே வராமல் மஞ்சளடித்துச் சுருங்கும் முட்டை பெரும்பாலும் கரு இல்லாதது.

முட்டையை இடம் மாற்றித்தான் ஆகவேண்டும் என்றால், அனுமதி உள்ளவர்கள் செய்யும் முறை. இட்ட 24 மணி நேரத்துக்குள் எடுக்கவேண்டும். கழுவக்கூடாது. குழியின் ஈர மணலையும் முட்டைமேல் உள்ள கொழகொழப்பையும் சேர்த்தே துணிப்பையிலோ வாளியிலோ எடுக்கவேண்டும். குலுக்கக்கூடாது, வாளியைச் சைக்கிள் கைப்பிடியில் தொங்கவிடக்கூடாது. புதுக்குழி தாய் தோண்டியதைப் போலவே இருக்கவேண்டும்: ஆழம் ஏறக்குறைய 45 செ.மீ., கழுத்து குறுகல், அடிப்பாகம் அகலமாகக் குடம் மாதிரி. நேர்க்குழி தோண்டினால் நடுவில் காற்றறை இல்லாமல் மணல் முட்டையை அமுக்கும். ஒரு குழிக்கும் அடுத்ததுக்கும் ஒரு மீட்டர் இடைவெளி. சென்ற ஆண்டு முட்டை கிடந்த மணலில் மறுபடி வைக்காதீர்கள், அழுகலும் பூஞ்சணமும் அங்கே காத்திருக்கும். ஈரம் சரியா என்று பார்க்க, குழி அடி மணலைக் கையில் பிடித்தால் உருண்டை நிற்கவேண்டும், நீர் சொட்டக்கூடாது.

கழிமுகம்
பிப்ரவரி 17, காலை 6.05

மேலே 24 மணி நேரம் என்று எழுதியது தாராளம். இரண்டு மூன்று மணி நேரத்துக்குள் முடிப்பது நல்லது, ஆறு மணி நேரத்தைத் தாண்டக்கூடாது. பன்னிரண்டு மணி நேரம் ஆனால் ஒட்டல் தொடங்கிவிடும். அதிலிருந்து மூன்று வாரம் வரை ரொம்ப ஆபத்தான காலம். பிறகு ஆபத்து குறையும், இல்லாமல் போகாது. காலையில் தடம் பார்த்துக் கண்டுபிடித்த குழி எப்போது இட்டது என்று தெரியாவிட்டால் தொடாமல் வேலி கட்டுவதே சரி. எடுக்காமல் முடியாது என்ற நிலை வந்தால் ஒவ்வொன்றின் உச்சியிலும் பென்சிலால் புள்ளி வைத்து, புள்ளி மேலேயே இருக்கும்படி நகர்த்தவேண்டும்.

இன்னொன்று. கடலாமை 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் பட்டியலில் உள்ளது. மேலே உள்ளதைப் படித்துவிட்டு யாரும் மண்வெட்டியோடு கடற்கரைக்குப் போகவேண்டாம்.

சங்குத்துறை
பிப்ரவரி 20, இரவு 10.45

சரி, தாய் போயாச்சு. திரும்பி வந்து பாக்கவும் செய்யாது. அப்ப நினைக்கிறது யாரு?

கழிமுகம்
பிப்ரவரி 21, இரவு 7.50

மணல். ஆணா பெண்ணா என்பதைக்கூட அதுதான் முடிவு செய்கிறது.

கடலாமைக்கு ஆண், பெண் என்று பிரிக்கும் நிறமூர்த்தம் (குரோமோசோம்) கிடையாது. பொரிக்கும் காலத்தின் நடு மூன்றில் ஒரு பங்கில் குழியின் சூடு எவ்வளவோ அதைப் பொறுத்துப் பால் அமையும். பங்குனி ஆமைக்கு 30 டிகிரிக்குப் பக்கம் இருந்தால் கலந்து வரும், அதற்குமேல் பெண் கூடும், கீழே ஆண் கூடும். 35-ஐத் தாண்டி நீடித்தால் இரண்டும் வராது. சூடு கூடினால் 45 நாளிலேயே பொரிக்கும், குறைந்தால் 60 வரை இழுக்கும்.

வெப்பம் பாலைத் தீர்மானிக்கும் என்று முதலில் கண்டுபிடித்தது ஆமையில் இல்லை. 1966-இல் மாதலின் ஷார்னியே என்ற பிரெஞ்சுக்காரர் ஆப்பிரிக்காவின் ஓணான் ஒன்றில் கண்டார். நம்ம வேலியோரத்து ஓணானின் குடும்பம்தான்.

இங்கே கருமணல் விஷயம் வருகிறது. மணவாளக்குறிச்சிப் பக்கம் இல்மனைட் என்ற கருத்த கனிமம் கலந்த மணல் கருத்துக் கிடக்கும். கருத்த மணல் வெயிலை அதிகம் வாங்கும், மத்தியானம் வெறுங்காலோடு நடந்தவருக்குத் தெர்மாமீட்டர் வேண்டாம். அத்தகைய மணலில் பொரிப்பகம் வைத்தால் ஓலைக்கூரை போட்டு நிழல் காட்டுவது சும்மா இல்லை. ஆனால் முழுக்க நிழல் போட்டு எல்லாக் குழியையும் குளிரவைத்தால் ஆணாகவே பொரியும். கொஞ்சம் குழி நிழலில், கொஞ்சம் வெயிலில் என்று பிரிப்பது நல்ல புத்தி. குழி நடுவில் வெப்பமானி போட்டு வையுங்கள், மேல்மணலின் சூட்டை அளந்து பிரயோசனமில்லை. நூறு குஞ்சின் உடம்புச் சூடும் சேர்ந்து கடைசிக் கட்டத்தில் குழி ஒன்றிரண்டு டிகிரி ஏறும். பால் அதற்கு முன்பே முடிவாகியிருக்கும் என்பதால் அந்த ஏற்றம் கணக்கில் பெரிதாக வராது. உயிருக்கு ஆபத்தா என்பதற்கு மட்டும் அதைப் பாருங்கள்.

கடலரிப்புக்குக் கல் கொட்டிய இடங்களில் இந்தப் பேச்சே இல்லை. ஆமை கல்லேறாது. ஏறமுடியாமல் அலை தொடும் ஈர மணலிலேயே இட்டுவிட்டுப் போனால் முதல் குறிப்பில் சொன்ன கதைதான். அலை ஒரு மணி நேரம் வந்துபோனால் பெரும்பாலும் தாங்கும், ஆறு மணி நேரம் முழுக்க ஊறினால் சேதம் கணக்காகத் தெரியும்.

கீரிப்பாறை
மார்ச் 2, இரவு 9.15

கடல்பாம்பை யாரும் கேட்கவில்லையே. குளச்சல் வலையில் ஏறுகிறது, கரைக்கு வருவதில்லை. அதுவும் ஊர்வனதான். முட்டை எங்கே?

கழிமுகம்
மார்ச் 3, காலை 5.40

நல்ல இடத்தில் பிடித்தீர்கள். நம் கரையோரக் கடல்பாம்புகள் முட்டையை வெளியே விடுவதையே நிறுத்திவிட்டன. வயிற்றுக்குள் வைத்து வளர்த்து, தண்ணீரிலேயே குட்டி போடும். குட்டி பிறந்ததும் மேலே வந்து மூச்சு வாங்கும். அந்தமான் பக்கம் உள்ள பட்டைவால் கடல்பாம்பு முட்டையிடும் வகை, அது ஆமை மாதிரியே கரைக்கு ஏறும். ஆக ஊர்வன கடலுக்குத் திரும்பினால் இரண்டே வழி: கரையேறு, அல்லது குட்டி போடு.

கரையிலும் குட்டி போடுகிறவை உண்டு. கண்ணாடி விரியன், பச்சைப்பாம்பு, மண்ணுளி எல்லாம் குட்டி. நல்லபாம்பு, சாரை, தண்ணீர்ப்பாம்பு, மலைப்பாம்பு முட்டை. குட்டி போடும் பாம்புக்கும் அந்த நாலு சவ்வும் உண்டு, ஓடு மட்டும் தேய்ந்து போயிருக்கும். "விரியன் வயிற்றைக் கிழித்து வெளியே வரும்" என்கிற கதைக்கு வேர் இதுவாக இருக்கலாம். மெல்லிய சவ்வுப்பையோடு குட்டி வெளியே வந்து அதைக் கிழிக்கும், தாயை இல்லை.

கழிமுகம்
மார்ச் 3, பிற்பகல் 2.10

முதல் குறிப்பில் தண்ணீரில் விட்டால் செத்துப்போகும் என்று அடித்துச் சொன்னேன். ஒரு விதிவிலக்கு உண்டு. வட ஆஸ்திரேலியாவில் நீண்ட கழுத்து ஆமை ஒன்று மழைக்கால வெள்ளத்துக்கு அடியில் சேற்றில்தான் முட்டையிடும். ஆனால் கரு வளராது. வெள்ளம் வடிந்து சேறு காய்ந்து காற்றுப் பட்ட பிறகே தொடங்கும். தாய் வயிற்றில் நிறுத்திவைக்கும் அதே தந்திரத்தை வெளியேயும் நீட்டிவிட்டது. ஆகவே விதி உடையவில்லை, வளைந்திருக்கிறது.

இன்னொரு திருத்தத்தையும் இதிலேயே சேர்க்கிறேன். ஊர்வனக் கரு யூரிக் அமிலமாகக் கழிவை விடும், அதனால்தான் மூடிய முட்டையில் பிழைக்கிறது என்று பழைய பாடநூல்களில் இருக்கும். பறவைக்குச் சரி. ஆமைக் கரு முக்கியமாக விடுவது யூரியா. மெத்து ஓட்டு முட்டையில் நீர் கிடைப்பதால் அதை நீர்க்கவைத்துச் சமாளித்துவிடுகிறது. பரீட்சைக்குப் படிக்கும் பிள்ளைகள் புத்தகத்தில் உள்ளதையே எழுதுங்கள், மார்க் அங்கேதான்.

கழிமுகம்
மார்ச் 8, இரவு 11.00

முட்டை முதலில் கரையேறியதா, விலங்கா? அமெரிக்கத் தொல்லுயிர் அறிஞர் ஆல்பிரட் ரோமர், முட்டைதான் முதலில் என்றார். தாய் இன்னும் தண்ணீரில் வாழ்ந்துகொண்டே, தின்பவர் இல்லாத கரையில் முட்டையை ஒளித்துவைத்தது என்பது அவர் கணக்கு. நம் பால் ஆமையைப் பார்த்தால் அப்படித்தான் தோன்றும். அதற்கு எதிர்க்கட்சி, கருவை உள்ளேயே கொஞ்சகாலம் வைத்துக்கொண்டதுதான் தொடக்கம், சவ்வுகள் தாய் வயிற்றிலேயே உருவாகின என்கிறது. எனக்கு இரண்டாவது பக்கம் சாய்வு, ஓணானும் பாம்பும் முட்டையை வைத்திருந்து இடும் காலத்தை எளிதில் நீட்டிக் குறைக்கின்றன என்பதால்.

முட்டையின் கல்படிவம் இந்த வழக்குக்கு உதவாது. மெத்து ஓடு மட்கிப்போகும். கனடாவின் நோவா ஸ்கோஷியாவில் கல்லாகிப்போன மரத்தண்டுக்குள் கிடைத்த ஹைலோனோமஸ் என்ற, சாண் நீளத்தில் பல்லி மாதிரியான ஊர்வன ஏறக்குறைய 31 கோடி ஆண்டு பழையது. 2025-இல் ஆஸ்திரேலியாவின் விக்டோரியாவில் நகம் பதிந்த காலடிகள் வெளியாகி, கணக்கு 35 கோடி ஆண்டு பக்கம் தள்ளிப்போனது. ஒன்றிலும் முட்டை இல்லை. எலும்பையும் நகத்தையும் பார்த்து முட்டையை ஊகிக்கிறோம்.

சங்குத்துறை
மார்ச் 8, இரவு 11.20

35 கோடி வருசமா மணல்ல தோண்டுது. நான் பழக்கம்னு சொன்னதுல என்ன தப்பு?

கழிமுகம்
மார்ச் 8, இரவு 11.22

படுங்க அண்ணாச்சி.

ரப்பர்த்தோட்டம்
மார்ச் 19, காலை 7.30

சருகுக் குவியல் அள்ளும்போது வெள்ளையா நீளமா பதினஞ்சு முட்டை, ஒண்ணோட ஒண்ணு ஒட்டிக் கெடக்கு. ஓடு தோல் மாதிரி. என்ன செய்ய? பிரிச்சு எடுக்கலாமா?

கழிமுகம்
மார்ச் 19, காலை 7.45

பிரிக்காதீர்கள், ஓடு கிழியும். முதலில் கையை வெளியே எடுங்கள். ஒட்டிய நீள முட்டை பாம்பினுடையது. முட்டையைப் பார்த்துச் சாரையா நல்லபாம்பா என்று சொல்லிவிடுவேன் என்பவரை நம்பாதீர்கள். நல்லபாம்பாக இருந்தால் தாய் அருகிலேயே காவல் கிடக்கும். அள்ளிய சருகை அப்படியே மேலே போட்டு மூடுங்கள், இரண்டு மாதம் அந்தக் குவியலை விடுங்கள். வேலை நிற்கமுடியாது என்றால் வனத்துறைக்குச் சொல்லுங்கள். குவியல் மலையடிவாரத்தில் இடுப்புக்குக் கீழ்வரை உயரமாக, கூட்டிச் சேர்த்த மாதிரி இருந்தால் யாரையும் பக்கத்தில் விடாதீர்கள். இலை கூட்டிக் கூடு கட்டும் ஒரே பாம்பு ராஜநாகம். தாய் மேலேயே படுத்திருக்கும்.

கீரிப்பாறை
மார்ச் 19, இரவு 8.40

பதினைந்துக்கு அந்த அளவுக் குவியல் என்றால் சாரையாகத்தான் இருக்கும் என்று சொல்ல நாக்கு துடிக்கிறது. மேலே போட்ட தடைக்கு மரியாதை தந்து நிறுத்துகிறேன்.

வனத்துறை எடுத்துப் பொரிக்கவைக்கும் முறையையும் எழுதிவிடலாம், இழை தேடி வருபவர்களுக்கு உதவும். கட்டியை அப்படியே, மேல்பக்கம் பென்சில் குறியோடு தூக்கவேண்டும். மூடியுள்ள பிளாஸ்டிக் பெட்டி. வெர்மிகுலைட்டும் (ஈரம் பிடித்துவைக்கும் கனிமத் துகள்) தண்ணீரும் எடைக்கு எடை. பாதி புதைந்த நிலையில் முட்டை. மூடியில் நாலைந்து சின்னத் துளை. 28 முதல் 30 டிகிரி. முதல் நாள் பெட்டியை எடைபோட்டுக் குறித்துவைத்து, வாரம் ஒருமுறை மறுபடி எடைபோட்டு, குறைந்த அளவு தண்ணீரை ஓரத்தில் விடவேண்டும், முட்டைமேல் இல்லை. வெர்மிகுலைட் கிடைக்காவிட்டால் தென்னை நார்க்கழிவு, ஆனால் நாலைந்து தடவை அலசி உப்பு போக்கியது. பிழிந்தால் சொட்டக்கூடாது. பெட்டிச் சுவரில் நீர்த்துளி வழிந்தால் ஈரம் அதிகம், முட்டை ஊதி வெடிக்கும். எல்லா முட்டையும் ஒரே நாளில் குழி விழுந்தால் ஈரம் குறைவு, உடனே சேர்த்தால் மீளும். கடைசி வாரத்தில் லேசாகக் குழி விழுவது இயல்பு, பதறித் தண்ணீர் ஊற்றிக் கெடுக்கவேண்டாம். ஒரு முட்டையில் பூஞ்சணம் வந்தால் அது செத்ததுதானா என்று டார்ச் அடித்துப் பாருங்கள். சிவந்த நரம்பு தெரிந்தால் உயிர் இருக்கிறது, பூஞ்சணத்தை உலர்ந்த பஞ்சால் துடைத்தால் போதும்.

கழிமுகம்
ஏப்ரல் 14, காலை 6.30

பொரிக்கும் காலம் நடக்கிறது, அதனால் இது.

குஞ்சு ஓட்டைக் கிழிப்பது மூக்கு நுனியில் உள்ள முள்ளால். ஓணானுக்கும் பாம்புக்கும் அது உண்மையான பல், பல்லிக்கு இரண்டு. ஆமைக்கு வெறும் கொம்புப்பொருள். கிழித்தவுடன் வெளியே வராது. மிச்ச மஞ்சள் கருவை வயிற்றுக்குள் இழுத்துக்கொள்ளும்வரை ஓட்டுக்குள்ளேயே கிடக்கும். அவசரப்பட்டுப் பிய்த்து உதவினால் மஞ்சள் கருப் பை கிழிந்து சாகும். இது பாம்புக்கும் பொருந்தும்.

ஆமைக்குஞ்சுகள் கூட்டமாக மணலைக் கால்கீழே தள்ளி இரண்டு மூன்று நாளில் ஏறும். மேல்மணல் சுட்டால் அப்படியே நிற்கும், ராத்திரி குளிர்ந்ததும் மொத்தமாகப் பொங்கும். வந்தவற்றைத் தொட்டியில் வைத்து மறுநாள் பள்ளிப் பிள்ளைகளுக்குக் காட்டிவிட்டு விடுவது கெடுதல். வயிற்றில் உள்ள மஞ்சள் கருதான் அலை தாண்டி நீந்துவதற்கான எண்ணெய், தொட்டியில் நீந்தியே அது தீர்ந்துவிடும். வந்த ராத்திரியே, தண்ணீருக்குச் சில மீட்டர் முன்னால் மணலில் விட்டு நடக்கவிடுங்கள்.

கழிமுகம்
ஏப்ரல் 17, இரவு 9.30

ஆமைக் குழியைத் திறந்து எத்தனை பொரித்தது என்று எண்ணுவது பற்றிக் கேட்டவர்களுக்கு. குஞ்சுகள் முதலில் பொங்கி வெளியே வந்து மூன்று நாள் கழித்துத் திறக்கவேண்டும், அதற்கு முன் திறந்தால் ஏறிக்கொண்டிருக்கும் குஞ்சு தவறும். பாதிக்கு மேல் முழுமையாக உள்ள காலி ஓட்டை மட்டும் ஒன்று என்று எண்ணுங்கள், துண்டுகளை எண்ணினால் இட்டதைவிடப் பொரித்தது அதிகமாகும். பொரிக்காததை உடைத்துப் பாருங்கள். ஒன்றுமே தெரியாவிட்டால் கரு இல்லை அல்லது முதல் நாட்களில் செத்தது. கடைசியாகச் சொன்னது பல குழியில் தொடர்ந்து வந்தால் எடுத்துவந்த விதத்தைச் சந்தேகியுங்கள். முழுவளர்ச்சிக்குப் பக்கத்தில் வந்து செத்திருந்தால் பெரும்பாலும் சூடுதான் காரணம். குழியின் அடிவரிசை மட்டும் செத்து மேல்வரிசை பொரித்திருந்தால் அடியில் தண்ணீர் ஏறியிருக்கிறது, அடுத்த வருசம் பொரிப்பகத்தை ஆற்றுக் கழிமுகத்திலிருந்து தள்ளி, மேட்டில் போடுங்கள்.